தூத்துக்குடிக் கரையும் விண்ணிலிருந்து நீளும் அளவுகோலும்

ஓர் ஊரின் தரை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது அல்லது உயர்கிறது என்பதை, 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோளின் ராடாரைக் கொண்டு அளக்க முடியும். இந்த முறைக்கு ராடார் குறுக்கீட்டு அளவியல் என்று பெயர். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக 'இன்சார்' என்பார்கள். பூமியின் வடிவத்தையும் ஈர்ப்பையும் அசைவையும் அளக்கும் துறை புவியளவியல். அத்துறையில் 1990-கள் முதல் ஏற்பட்ட பெரிய மாற்றங்களுள் ஒன்று இது. அதுவரை ஒரு மாவட்டத்தின் தரை மட்டத்தை அளக்க, ஆட்கள் மட்டக்கருவியோடு புள்ளி புள்ளியாக நடந்தார்கள். இப்போது 250 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பை ஒரே கடப்பில் ராடார் பதிவு செய்துவிடுகிறது.

இதனால் மிகுந்த பயன் பெறக்கூடியவை கடற்கரை ஊர்கள். தூத்துக்குடி அவற்றுள் ஒன்று. துறைமுகம், அனல்மின் நிலையம், பல்லாயிரம் ஏக்கர் உப்பளம், மாநகராட்சி எனப் பலவும் கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரமே உள்ள சமநிலத்தில் நெருங்கி அமைந்த கரை அது. அங்கே சில சென்டிமீட்டர் வேறுபாடும் பொருட்டானது.

கடல் உயர்வதும் கரை தாழ்வதும்

கரையில் நிற்பவருக்குக் கடல் உயர்வதும் கரை தாழ்வதும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் தண்ணீர் படியேறி வருகிறது. துறைமுகத்தில் கடல்மட்டம் பதியும் கருவிக்கும் அதே நிலைதான். அது நிலத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கடல் 3 மில்லிமீட்டர் உயர்ந்தாலும் நிலம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

1993 முதல் செயற்கைக்கோள் உயரமானிகள் உலகக் கடல்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து வருகின்றன. அவற்றின் கணக்குப்படி உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேகம் கூடியும் வருகிறது. இந்தியத் துறைமுகங்களின் நெடுங்காலப் பதிவுகளை ஆய்வாளர்கள் உன்னிகிருஷ்ணனும் சங்கரும் 2007-ல் ஆராய்ந்தபோது, பெரும்பாலான இடங்களில் இருபதாம் நூற்றாண்டின் உயர்வு ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தது. வங்கத்தில் ஹூக்ளி ஆற்றின் டைமண்ட் ஹார்பரில் மட்டும் அது 5 மில்லிமீட்டரைத் தாண்டியது. கங்கைக் கழிமுகத்தின் இளகிய வண்டல் தாழ்ந்துகொண்டிருப்பதே அந்தக் கூடுதலுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே ஒரு கரையின் வருங்காலத்தைக் கணிக்க இரண்டு எண்கள் வேண்டும்: கடல் உயரும் வேகம் ஒன்று, நிலம் அசையும் வேகம் இன்னொன்று. முதல் எண்ணைப் பற்றிய பேச்சு நாளிதழ் வரை வந்துவிட்டது. இரண்டாம் எண் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறக்கூடியது. அந்தந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும்.

இந்தக் கரையின் பழைய அளவுகள்

முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கரையில் கடலின் ஆழத்தைக் கையால் அளந்தார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். எந்தப் பார் எத்தனை பாகத்தில் இருக்கிறது என்பது சங்கு குளிப்பவர்களுக்கும் முத்துக் குளிப்பவர்களுக்கும் மனப்பாடம். தொலாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்றும் மீனவர் வாயில் வழங்குகின்றன. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தைப் பாகத்தால் எண்ணுவது இந்தக் கடலின் பழைய அளவியல்.

நிலத்தின் அளவியல் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே தொடங்கியது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவீடு தெற்கே குமரி முனையின் அருகு வரை வந்தது. வடக்கே பின்னாளில் இமயம் வரை சென்றது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து அதைச் சீர்செய்தார். நிலத்தைத் துல்லியமாக அளப்பது எவ்வளவு உடல் உழைப்பைக் கேட்டது என்பதற்கு அந்த நிகழ்ச்சி சான்று.

உயரங்களுக்கான அடிப்படை 1909-ல் வந்தது. கராச்சி முதல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் வரை ஒன்பது துறைகளின் சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியாக வைத்து இந்திய உயர அளவு வகுக்கப்பட்டது. நாகப்பட்டினமும் சென்னையும் அந்த ஒன்பதில் அடங்கும்.

தென்கோடிக் கடலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதால் கடலின் பரப்பும் சீரான உருண்டையாக இல்லை. இந்தியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், அது கணித நீள்வட்ட உருவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் அது. அதன் ஓரத்தில் அமைந்த தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு ஜிபிஎஸ் கருவியை வைத்துத் திருத்தம் செய்யாத உயரத்தைப் பார்த்தால், கழித்தல் குறியோடு 90 மீட்டருக்கு மேல் காட்டும். காலடியில் அலை வந்து நனைக்கும். கருவியோ முப்பது மாடி ஆழத்தில் நிற்பதாகச் சொல்லும். கருவி சொல்வது பிழையில்லை. அது எந்தப் பரப்பைச் சுழியாகக் கொள்கிறது என்பதுதான் வேறு. உயரம் என்ற சொல்லுக்கே 'எதிலிருந்து' என்ற கேள்வி ஒட்டியிருக்கிறது என்பது புவியளவியலின் முதல் பாடம்.

ராடார் பார்க்கும் விதம்

சாதாரணச் செயற்கைக்கோள் படம் சூரிய ஒளியில் எடுக்கப்படுகிறது. இரவிலும் மேகத்திலும் அது பயன்படாது. ராடாரோ தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வாங்குகிறது. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வானிலிருந்து நிலத்தைக் காணக்கூடியது ராடார் மட்டுமே. அலையில்லாத நீர்ப்பரப்பு ராடார் அலையைத் திருப்பியனுப்பாமல் கண்ணாடிபோல் மறுபக்கம் தள்ளிவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த பகுதி படத்தில் கறுப்பாக விழும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளலாம். அந்த வரிசையின் முதல் கோள் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. 693 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றும் அது, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் ராடார் அலையின் நீளம் 5.5 சென்டிமீட்டர். நேர்கீழே பார்க்காமல் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கும்.

அந்தத் தொலைவிலிருந்து 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காண, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆன்டெனா வேண்டும். அதை விண்ணில் நிறுத்த வழியில்லை. சென்டினலின் ஆன்டெனா சுமார் 12 மீட்டர்தான். ஆனால் கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே துடிப்புகளை அனுப்புகிறது. ஓடும் பாதையின் பல இடங்களில் வாங்கிய எதிரொலிகளைக் கணினி ஒன்றுசேர்க்கும்போது, அந்தப் பாதை முழுவதும் நீண்ட ஓர் ஆன்டெனா வாங்கியதுபோன்ற கூர்மை கிடைக்கிறது. இதன் மூலக்கருத்தை 1951-ல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி கண்டார்.

மரக்கால் கணக்கு

திரும்பிவரும் அலையில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று அதன் வலிமை. அதனால் படம் உருவாகிறது. இன்னொன்று அதன் கட்டம், அதாவது அலையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே எந்த நிலையில் அது வந்து சேர்ந்தது என்பது. நில அசைவை அளக்கக் கட்டமே கருவி.

நெல் அம்பாரத்தை மரக்காலால் அளப்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அளந்து முடித்ததும் ஒரு மரக்காலுக்குக் குறைவாகக் கொஞ்சம் நெல் மிஞ்சும். மொத்தம் எத்தனை மரக்கால் என்ற எண்ணிக்கை மறந்துபோனது. மிச்சம் எவ்வளவு என்பது மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. ராடார் கட்டமும் அப்படித்தான். செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் இடையே கோடிக்கும் மேற்பட்ட முழு அலைகள் அடங்கும். அவற்றின் எண்ணிக்கை கட்டத்தில் இல்லை. கடைசி அலையின் மிச்சம் மட்டுமே இருக்கிறது.

அந்த மிச்சத்தால் பயன் உண்டு. அம்பாரத்திலிருந்து யாரோ ஒரு கை நெல்லை எடுத்துவிட்டு, மறுநாள் மீண்டும் அளந்தால், மிச்சம் ஒரு கை குறைந்திருக்கும். மொத்தம் தெரியாமலே எடுத்த அளவு தெரிந்துவிடும். அதுபோலவே ஓர் இடத்தை 12 நாள் இடைவெளியில் இருமுறை படமெடுத்து, கட்டங்களைக் கழித்தால், இடையில் தரை அசைந்த அளவு கிடைக்கிறது. அலை போய்த் திரும்புவதால் தரை 1 மில்லிமீட்டர் விலகினால் பாதை 2 மில்லிமீட்டர் நீள்கிறது. 5.5 சென்டிமீட்டர் அலையில் அது ஏறத்தாழ 13 பாகைக் கட்ட மாற்றம். தரை 2.8 சென்டிமீட்டர் விலகினால் ஒரு முழுச் சுற்று, 360 பாகை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எடுக்கப்பட்டது சரியாக ஒரு மரக்கால் என்றால் மிச்சம் மாறாது, திருட்டு தெரியாது. தரையும் இரு படங்களுக்கிடையே 2.8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் ஒரு புள்ளியின் கட்டம் மட்டும் உண்மையைச் சொல்லாது. அதனால் ஆய்வாளர் அசையாத இடத்திலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த புள்ளிகளின் கட்டத்தைத் தொடராகக் கூட்டிக்கொண்டு போகிறார். சுருட்டிய பாயை விரிப்பதுபோன்ற வேலை இது. எங்கே தொடர் அறுகிறதோ அங்கே விடையும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

இந்த முறையின் வலிமையை உலகுக்குக் காட்டியது ஒரு நிலநடுக்கம். 1992 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியில் 7.3 அளவிலான நடுக்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் இஆர்எஸ்-1 செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பிரான்சின் திதியே மசோனே குழுவினர் கழித்துப் பார்த்தார்கள். பிளவைச் சுற்றி, மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் வரிவரியாகப் பட்டைகள் தோன்றின. ஒவ்வொரு பட்டையும் 28 மில்லிமீட்டர் அசைவு. 1993 ஜூலையில் 'நேச்சர்' இதழ் அந்தப் படத்தை அட்டையில் வெளியிட்டது.

பிழை வரும் வழிகள்

நிலநடுக்கத்தில் நிலம் மீட்டர் கணக்கில் நகர்கிறது. கடற்கரை ஊரில் தேடுவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இங்கேதான் புவியளவியல் ஆய்வாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

முதல் எதிரி காற்றின் ஈரம். நீராவி மிகுந்த காற்றில் ராடார் அலை சற்றே தாமதிக்கும். தரை விலகிப்போனதுபோல் கணக்கில் விழும். ஈரப்பதம் 20 விழுக்காடு வேறுபட்டால் 10 சென்டிமீட்டருக்கு மேல் பிழை வரலாம் என்று ஹோவர்ட் ஸெப்கர் குழுவினர் 1997-ல் காட்டினார்கள். காலையில் கரைக்காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் மாறி வீசும் தூத்துக்குடியில், ஒரே ஒரு இணைப் படத்தை நம்பி 5 மில்லிமீட்டர் தாழ்வு என்று யாரும் சொல்லக்கூடாது. நீராவி நாளுக்கு நாள் கூடிக் குறையும். நிலத்தின் தாழ்வோ ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 30 படம் என்று ஐந்தாறு ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தால் முன்னது தேய்ந்து பின்னது மிஞ்சும். நல்ல தரவிருந்தால் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் அளவு வரை வேகத்தைச் சொல்ல முடிவது இதனால்தான்.

இரண்டாம் எதிரி தரையின் மாற்றம். இலை அசைகிறது, பயிர் வளர்கிறது, வயலை உழுகிறார்கள். அடுத்த முறை வரும்போது ராடார் பார்ப்பது பழைய பரப்பை இல்லை. கட்டங்களைக் கழித்தால் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும். இதற்கு ஒரு வழியை மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெரெட்டி, பிராத்தி, ரோக்கா மூவரும் 2001-ல் முன்வைத்தார்கள். படம் முழுவதையும் நம்பாமல், ஆண்டுக்கணக்கில் மாறாமல் எதிரொலிக்கும் புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுப்பது அவர்கள் முறை. கட்டட மூலை, பாலத் தூண், பாறை, மின்கோபுரம் போன்றவை அப்படிப்பட்ட நிலைப்புள்ளிகள். ஒரு நகரில் இவை சதுர கிலோமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

மூன்றாவது, சாய்பார்வை. ராடார் அளப்பது தன் பார்வைக் கோட்டில் நிகழும் விலகலை மட்டுமே. 35 பாகைச் சாய்வில் பார்த்தால், 10 மில்லிமீட்டர் தாழ்வு 8 மில்லிமீட்டராகத்தான் தெரியும். வடக்கே போகும் பாதையிலிருந்தும் தெற்கே வரும் பாதையிலிருந்தும் எடுத்த படங்களைச் சேர்த்தால் மேல்கீழ் அசைவையும் கிழக்குமேற்கு அசைவையும் பிரிக்கலாம். வடக்குதெற்கு அசைவு மட்டும் ராடாருக்கு எளிதில் பிடிபடாது.

ராடாரின் கண்ணில் தூத்துக்குடி

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் கடலுக்குள் கல்லைக் கொட்டி உருவாக்கிய துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வடக்கு அலைதடுப்புச் சுவர் சுமார் 4.1 கிலோமீட்டரும் தெற்குச் சுவர் சுமார் 3.9 கிலோமீட்டரும் கடலுக்குள் நீள்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி 1,275 மீட்டர். சுற்றிலும் கடல் கறுப்பாகக் கிடக்க, ராடார் படத்தில் இந்தக் கல்வரிசைகள் இரண்டு வெள்ளைக் கோடுகளாக நிற்கும். கரடுமுரடான பெருங்கற்கள் அலையை நன்றாகத் திருப்பியனுப்பும்; புயல் புரட்டிப்போடாதவரை ஆண்டுக்கணக்கில் இடம் மாறா. நிலைப்புள்ளிக்கு ஏற்ற இடம். கல் மேடு தன் எடையால் கடலடி மண்ணை அழுத்திச் சிறிது சிறிதாக அமர்வது இயல்பு என்பதால், தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

கப்பல் தளத்துக்கு வந்தால் நிலைமை கலப்பானது. தளத்தின் காங்கிரீட் விளிம்பும் கிடங்கின் கூரை மூலையும் நல்ல புள்ளிகள். பளுதூக்கி கோபுரம்போல் பெரிதாகத் தெரிந்தாலும் தண்டவாளத்தில் நகர்வதால் பயன்படாது. கன்டெய்னர் அடுக்குகள் இன்று இருக்கும், நாளை கப்பலேறும். நிலக்கரிக் குவியலின் உயரமோ நாள்தோறும் மாறும்.

உப்பளம் ராடாருக்கு மிகக் கடினமான நிலம். இங்கே கடல்நீரைவிட நிலத்தடி உவர்நீரே பெரிதும் பயன்படுகிறது. கிணற்றிலிருந்து இறைத்துத் தேக்கி, வெயிலில் செறிவாக்கி, பாத்திக்கு விடுவார்கள். ஒரு வாரம் பாத்தியில் நீர் நிற்கும், மறுவாரம் உப்பு பூக்கும், பிறகு வாரிக் குவிப்பார்கள். மூன்று பரப்பும் ராடாருக்கு மூன்று வேறு நிலங்கள். ஓரத்தில் எழும் உப்பு அம்பாரங்கள் பளிச்சென்று தெரிந்தாலும் அவையும் வளர்ந்து கரைபவை. உப்பளத்தின் நடுவே நிலைத்த எதிரொலி தருபவை இறைப்பு மோட்டார் அறைகளும் மின்கம்பங்களும் கல் வரப்புகளும்தான். ஆனால் தரை மட்டத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டியதும் உப்பளமே. நீர் தானாக ஓடிப் பாத்திக்குப் பாத்தி இறங்கும்படி வைத்த வாட்டம் சில விரற்கடைதான்.

தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் போனால் செந்நிறத் தேரி மணல். காற்று மணலை நகர்த்துவதால் கட்டத்தின் தொடர் அறுந்துவிடும். பனைக்காடும் உடைமரப் புதரும் குறைந்த அலைநீள ராடாரை இலையிலேயே நிறுத்திவிடும்.

இத்தகைய இடங்களில் ஆய்வாளர்கள் தாங்களே ஒரு நிலைப்புள்ளியை நட்டுவைக்கிறார்கள். மூன்று உலோகத் தகடுகளை அறை மூலைபோல் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தியது மூலை எதிரொலிப்பான். எந்தப் பக்கமிருந்து அலை நுழைந்தாலும் மூன்று தகடுகளிலும் பட்டு, வந்த வழியே திரும்பும். ஒரு மீட்டர் அளவுள்ள தகடு போதும், விண்ணிலிருந்து பார்த்தால் அது விளக்குபோல் ஒளிரும். மின்சாரமோ ஆளோ வேண்டியதில்லை. மழைநீர் தேங்காமல் துளையும், உப்புக்காற்றில் துருப்பிடிக்காத உலோகமும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

அதனருகே நிரந்தர ஜிபிஎஸ் நிலையம் ஒன்றும் தேவை. ராடார் சொல்வது ஒரு புள்ளி இன்னொன்றைவிட எவ்வளவு தாழ்ந்தது என்பதை மட்டுமே. ஊர் முழுவதும் ஒன்றாகத் தாழ்ந்தால் அது காட்டாது. இந்தியத் தட்டு முழுவதுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. அதில் நிற்கும் நமக்கு அது தெரிவதில்லை. பூமியின் மையத்தை அடிப்படையாகக் கொண்டு அசைவைச் சொல்ல ஜிபிஎஸ் போன்ற கருவியால்தான் முடியும்.

தரை தாழ்வதன் காரணங்கள்

நிலம் திடீரென்றும் தாழலாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அதன் கலங்கரை விளக்கின் அடி கடலில் மூழ்கியது. மெதுவான தாழ்வுக்குப் பெரும்பாலும் மனிதச் செயலே காரணம். மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையிலுள்ள நீர், மேலுள்ள சுமையில் ஒரு பங்கைத் தாங்கி நிற்கிறது. அந்த நீரை இறைத்துவிட்டால் சுமை முழுவதும் மண் துகள்கள்மேல் இறங்கும். களிமண் அடுக்கு நசுங்கிவிட்டால், பிறகு மழை பெய்து நீர் ஏறினாலும் பழைய உயரத்துக்குப் பெரும்பாலும் திரும்புவதில்லை.

2025 அக்டோபரில் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நிதேஷ்நிர்மல் சதாசிவம், சுசானா வெர்த் உள்ளிட்டோர் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை ஆகிய ஐந்து நகரங்களை ராடாரால் அளந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்திலும் சேர்த்து 878 சதுர கிலோமீட்டர் நிலம் தாழ்ந்து வருவதையும், சுமார் 19 லட்சம் பேர் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் தாழும் தரையில் வாழ்வதையும் அது காட்டியது. நிலத்தடி நீரை அளவின்றி எடுப்பதே முதன்மைக் காரணம். ஒரு கட்டடத்தின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தாழ்வதுதான் விரிசலுக்கு வழி என்பதையும் அந்த ஆய்வு வலியுறுத்துகிறது. ஆண்டுத் தாழ்வு சில மில்லிமீட்டரே ஆனாலும் சுவரில் அது ஒரு நாள் தெரிந்துவிடும்.

தீவுகளும் கொற்கையும்

கரை பின்வாங்குவதெல்லாம் தரை தாழ்வதாகாது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. முப்பது ஆண்டுகளில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போனது; மணல் அரித்துச் செல்லப்பட்டது. அரிப்பு நிலத்தின் ஓரத்தைத் தின்பது. தாழ்வு நிலத்தின் உயரத்தைக் குறைப்பது. விளைவு ஒன்றுபோல் தோன்றினாலும் மருந்து வேறு. அரிப்புக்குச் செயற்கைப் பாறைகள் உதவும், வான் தீவில் அவை இடப்பட்டும் உள்ளன. தாழ்வுக்கு அவற்றால் பயனில்லை. நீர் எடுப்பதைக் குறைப்பதுதான் வழி.

எதிர்த்திசையிலும் மாற்றம் நடந்திருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூர். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட காயல் துறையும் கரையைவிட்டு உள்ளே போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளியதே இதற்குப் பெருங்காரணம். இன்னும் பழைய காலத்துக்குச் சாட்சியாக இராமேசுவரம் பக்கத்தில் கடல்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் பழம் பவளத்திட்டுகள் உள்ளன. ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-ல் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். கடல்மட்டமும் கரையும் இந்தப் பகுதியில் என்றுமே நிலைத்து நின்றதில்லை. புதிதாக வந்திருப்பது அந்த அசைவை மில்லிமீட்டரில் அறியும் வாய்ப்பு.

நிசார் வருகை

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ஏவூர்தி நிசார் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் கோளில் இரண்டு ராடார்கள் உள்ளன. நாசாவின் ராடார் 24 சென்டிமீட்டர் அலைநீளத்திலும் இஸ்ரோவின் ராடார் சுமார் 9 சென்டிமீட்டர் அலைநீளத்திலும் இயங்குகின்றன. 12 மீட்டர் விட்டமுள்ள வலைக் குடை இரண்டுக்கும் பொது. 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் வரும்.

நீண்ட அலையின் பயன் இந்தக் கரைக்கு நேரடியானது. 24 சென்டிமீட்டர் அலை இலையையும் சிறு கிளையையும் பெரும்பாலும் ஊடுருவித் தரையையும் தடித்த மரத்தையும் தொடும். சென்டினலுக்கு இரைச்சலாகத் தெரிந்த பனைக்காட்டிலும் புதர்க்காட்டிலும் இனி அளவு கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு முழுச் சுற்று இங்கே 12 சென்டிமீட்டர் என்பதால், மரக்கால் பெரிதாகி, தொடர் அறுவதும் குறையும்; சிறிய அசைவை உணரும் கூர்மை சற்றுக் குறைவதே அதற்குக் கொடுக்கும் விலை. சென்டினலின் தரவும் நிசாரின் தரவும் யாருக்கும் இலவசம். கணினியும் பயிற்சியும் உள்ள ஒரு கல்லூரி மாணவர் தன் ஊரின் தரையைத் தானே அளந்து பார்க்கலாம்.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இதில் இன்னொரு உறவும் வரப்போகிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. புவியை நோக்கும் கோள்கள் பெரும்பாலும் துருவச் சுற்றுப்பாதையில்தான் செல்கின்றன. அதற்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ஏவூர்தி வளைந்து போக வேண்டும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். சிறிய ஏவூர்தி நேராகவே போகலாம்.

அளக்க முடியாததும் அளக்க வேண்டியதும்

ராடார் அலை கடல்நீருக்குள் இறங்காது. முத்துச்சிப்பிப் பார்கள் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. அவற்றை மணல் மூடுகிறதா என்பதை விண்ணிலிருந்து இந்த முறையால் அறிய இயலாது. அதற்குக் கப்பலின் எதிரொலி ஆழமானியும் நீரில் இறங்கிப் பார்ப்பவரின் கண்ணும் வேண்டும். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்த பிறகு அந்தக் கண்கள் குறைந்துவிட்டன. கரைக்கு இந்தப் பக்கம் உள்ள நிலத்துக்கு மட்டும் ராடார் பேசும்.

அந்த நிலத்தில் செய்ய வேண்டியது செலவு மிகுந்ததும் இல்லை. துறைமுகத்தின் கடல்மட்டக் கருவியோடு ஒரு ஜிபிஎஸ் நிலையத்தையும் ஒரு மூலை எதிரொலிப்பானையும் ஒரே அடித்தளத்தில் நிறுத்த வேண்டும். உப்பளங்களிலும் தாமிரபரணி முகத்துவாரத்திலும் இன்னும் சில எதிரொலிப்பான்கள் வேண்டும். உவர்நீர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் பதிய வேண்டும். விண்ணிலிருந்து வரும் படங்களை இவற்றோடு ஒப்பிட்டுப் படிக்க உள்ளூர்க் கல்லூரிகளில் ஆட்களைப் பழக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் படங்கள் காப்பகத்தில் இருக்கின்றன. நடாமல் விட்ட எதிரொலிப்பானின் பதிவைப் பின்னால் போய் எடுக்க முடியாது. கடல் எவ்வளவு உயர்கிறது என்று கேட்கும் ஒவ்வொரு கரையும், தான் எவ்வளவு தாழ்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.